'அன்அஸெய்லபிள்' என்பதைத் தமிழில் எப்படி எழுதுவீர்கள்?

நண்பர்களே, ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன். பழைய கிரிக்கெட் செய்தி ஒன்றைத் தமிழில் எழுதுகிறேன். 2024 பிப்ரவரியில் ராஞ்சி டெஸ்டை வென்ற இந்தியா, இங்கிலாந்துக்கு எதிரான ஐந்து போட்டித் தொடரில் 3-1 என முந்தியது. இதைத்தான் ஆங்கிலத்தில் 'அன்அஸெய்லபிள் லீட்' என்பார்கள். மீதமுள்ள ஒரு போட்டியில் தோற்றாலும் தொடர் கைவிட்டுப் போகாது.

முதலில் 'அசைக்க முடியாத முன்னிலை' என்று எழுதினேன். ஆனால் தர்மசாலாவில் நடந்த அந்தக் கடைசிப் போட்டியில் இங்கிலாந்து வென்றிருந்தால் 3-2 ஆகியிருக்கும், முன்னிலை கொஞ்சம் அசைந்திருக்குமே! 'எட்ட முடியாத' சரியா?

அப்புறம், இதே சொல் வாதத்துக்கும் வருகிறது. அங்கே 'மறுக்க முடியாத' என்று போடலாம்தான், ஆனால் அது 'அன்டினையபிள்' ஆகிவிடுகிறது. 'அன்அஸெய்லபிள்' என்பதன் லத்தீன் வேருக்கு 'மேலே பாய்தல்' என்று பொருள். தாக்குதலைக் குறிக்கும் 'அசால்ட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் அதே வேர். (நம்மூரில் 'அசால்ட்டா முடிச்சுட்டான்' என்பது வேறு கதை.) அதனால் கோட்டை வாசனை உள்ள சொல்லாகத் தேடுகிறேன்.

'தகர்க்க முடியாத' இரண்டு இடத்துக்கும் ஒத்துவருமா? மொழிபெயர்ப்பில் இருப்பவர்கள் ஒரு வாக்கியத்தில் வைத்துக் காட்டினால் உதவியாக இருக்கும்.