எஞ்சின் மவுண்ட் = பொறியணை? ‘வலுவான’ வேண்டாம், ‘விறைப்பான’ என்போம்

எஞ்சினை வண்டியின் உடலோடு பிணைக்கும் துண்டுதான் எஞ்சின் மவுண்ட். அதற்கு ‘எஞ்சின் தாங்கி’ என்ற சொல்லே போதுமே என்ற கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. தாங்கி என்பது பேரிங்குக்கு நிலைத்துவிட்ட சொல், கிராங்க் தண்டைச் சுற்றியே பல தாங்கிகள் இருக்கின்றன. அதோடு, மவுண்டின் வேலை எடையைத் தாங்குவதோடு முடிவதில்லை. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் முறுக்குவிசையால் எஞ்சின் சாய்வதைப் பிடிக்க வேண்டும், நடுக்கத்தை வண்டியின் உடலுக்குக் கடத்தாமலும் இருக்க வேண்டும். பஞ்சணை, தலையணை வரிசையில் ‘பொறியணை’ என்பதே என் பரிந்துரை. ‘அணை’ என்றால் நீர்த்தேக்கத்தோடு குழம்பும் என்கிறீர்கள், தலையணையில் யாரும் குழம்பவில்லையே.

அப்புறம், ‘ஸ்டிஃப்’ மவுண்ட் என்பதை ‘வலுவான’ மவுண்ட் என்று எழுதுவதுதான் உறுத்துகிறது. வலு என்றால் உடையாமல் தாங்குவது. இங்கே பேசுவது விறைப்பு, அதாவது விசைக்கு எவ்வளவு குறைவாக வளைந்துகொடுக்கிறது என்பது. வலுவானது என்று படிப்பவர் நல்லதுதானே என்று மாட்டிவிடுவார், அதனால் வரும் தொல்லை பிறகுதான் தெரியும்.

கணக்கு இதுதான். நான்கு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் அமைந்த இன்லைன் எஞ்சின், வண்டி நிற்கையில் ஐடிலிங்கில் 800 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 800 சுற்று) ஓடும்போது அதன் முக்கியமான நடுக்கம் ஒரு சுற்றுக்கு இரண்டு, நொடிக்குச் சுமார் 27. அணைமேல் இருக்கும் எஞ்சினின் இயல்பு அதிர்வெண் (அசைத்துவிட்டால் தானாக நொடிக்கு எத்தனை முறை ஆடும் என்பது) 10 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால் அந்த நடுக்கத்தில் பெரும்பகுதி அங்கேயே அடங்கிவிடும். விறைப்பை நான்கு மடங்காக்கினால் இயல்பு அதிர்வெண் 20 ஆகும். நடுக்கத்தின் அதிர்வெண், இயல்பு அதிர்வெண்ணைப் போல் 1.41 மடங்கைத் தாண்டினால்தான் தடுப்பே தொடங்கும், இங்கே அது 28. நம் 27 அதற்குள் சிக்கிக்கொள்கிறது, அணை நடுக்கத்தைக் குறைக்காமல் பெருக்கிக் கொடுக்கிறது. சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங்கும் கண்ணாடியும் நடுங்குவது இப்படித்தான்.

விறைப்பைக் கூட்டுவதில் பலனும் உண்டு: கியர் மாற்றத்தில் உதறல் குறையும், முன்சக்கரங்களால் இயங்கும் வண்டி வேகமாகக் கிளம்பும்போது சக்கரம் துள்ளுவது குறையும், ஆக்சிலரேட்டருக்கு வண்டி சட்டென்று பதில் சொல்லும். குதிரைத்திறன் மட்டும் அதிகரிக்காது.

தினசரி ஓட்டும் வண்டியில் எடை சுமக்கும் அணைகளை ரப்பராகவே விட்டு, சாய்வைப் பிடிக்கும் அணையை மட்டும் அதைவிட விறைப்பான பாலியூரித்தேனுக்கு மாற்றுவதே சரி என்பேன். அதிலும் ஓரளவு நடுக்கம் கூடத்தான் செய்யும். இதை எழுத இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும். எடைக்கு ‘சுமையணை’, சாய்வுக்கு ‘முறுக்கணை’ என்று வைக்கலாமா? மறுப்பவர்கள் மாற்றுச் சொல்லையும் சேர்த்தே சொல்லுங்கள்.