பொருள்: தாய்ச் சாதனம், சேய்ச் சாதனம், அப்புறம் அந்த 'சஸ்பெண்ட்'

காட்பாடியிலிருந்து:
வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்கான லினக்ஸ் டிரைவர் (சாதனத்தை இயக்கும் நிரல்) கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். ரன்டைம் பவர் மேனேஜ்மென்ட் அத்தியாயத்துக்குத் தமிழ்ச் சொற்கள் கிடைக்காமல் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே வேலையில்லாத சாதனத்தை மட்டும் தனியாக அடக்கி வைக்கிற ஏற்பாடு அது, 2009இல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 2.6.32 பதிப்போடு வந்தது. யூஎஸ்பி ஹப் பேரன்ட், அதில் செருகிய கீபோர்டு சைல்டு. சைல்டு வேலையில் இருக்கும்வரை பேரன்ட் சஸ்பெண்ட் ஆகாது, அதாவது அடங்காது. சைல்டை ரெஸ்யூம் செய்யும்போது, அதாவது எழுப்பும்போது, பேரன்ட் முதலில் எழும். கைவசம் இருக்கும் சொற்கள்: பெற்றோர், பிள்ளை, இடைநிறுத்தம், தொடர்தல்; தலைப்புக்கு மின் மேலாண்மை. ஒன்றும் பிடிக்கவில்லை.

ராணிப்பேட்டையிலிருந்து:
சார், இடைநிற்றல் என்றால் பள்ளியைப் பாதியில் விட்டது. 'பிள்ளை இடைநிறுத்தம்' என்று போட்டால் கல்வித்துறைச் சுற்றறிக்கை மாதிரி இருக்கும். ஒரு சாதனத்துக்கு ஒரே பேரன்ட்தான், 'பெற்றோர்' என்றால் இரண்டு பேர். தாய், சேய் என்று வையுங்கள். பிள்ளை விழித்திருக்கும்போது தாய் கண்ணயர முடியுமா? பையன்களுக்கு விதி மறக்காது.

ஆற்காட்டிலிருந்து:
தம்பி சொன்ன 'சேய்' அருமை. சேய் குழந்தை மட்டுமல்ல, தொலைவும்தான்: சேய்மை. செயலியிலிருந்து பார்த்தால் ஹப் அண்மையில், கீபோர்டு சேய்மையில். இரு பொருளும் பொருந்துகின்றன! நம் செய்யாறுகூட மலைபடுகடாத்தில் சேயாறுதான். சஸ்பெண்டுக்குத் 'துஞ்சல்' என்று வைக்கலாம்.

குடியாத்தத்திலிருந்து:
சேய்க்குச் சிவப்பு என்றும் பொருள் உண்டு, முருகனைச் சேய் என்பது செந்நிறத்தால். தொலைவுக்கு வேர் வேறு, இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டாதீர்கள் ஐயா. துஞ்சல் கூடவே கூடாது, அது தூக்கம் மட்டுமல்ல, சாவும்தான். 'குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன்' எழுந்து வந்தானா? வள்ளுவரே 'துஞ்சினார் செத்தாரின் வேறல்லர்' என்கிறார். இந்தச் சாதனமோ கூப்பிட்டதும் எழ வேண்டும்.
இன்னொன்று: பவர் என்பது திறன். முப்பது ஆண்டு இயற்பியல் நடத்தியவன் சொல்கிறேன். மின் மேலாண்மை என்பது பிழை.

ராணிப்பேட்டையிலிருந்து:
'திறன் மேலாண்மை' என்றால் திறன் மேம்பாட்டு வகுப்பு என்று நினைத்துச் சான்றிதழ் கேட்பார்கள் சார்.

ஆம்பூரிலிருந்து:
டிரைவர் எழுதிப் பிழைப்பவன், குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். 'உறக்கம்' என்று யாராவது சொல்வதற்குள் சொல்லிவிடுகிறேன்: கணினி முழுவதும் ஒடுங்குகிற சிஸ்டம் ஸ்லீப் தனி. அதற்கு உறக்கத்தை ஒதுக்கி வையுங்கள். இது அதைவிட லேசானது, அடிக்கடி நடப்பது.
தாய்-சேய் விதிக்கு விலக்கும் உண்டு. ஐ-ஸ்கொயர்-சி பஸ்ஸில் (சில்லுகளை இணைக்கும் தகவல் தடம்) தொங்கும் சென்சார் தன்பாட்டுக்கு அளந்துகொண்டிருக்கலாம். படிக்கிற நேரம் தவிர அதற்கு பஸ் தேவையில்லை. அதனால் அந்த பஸ்ஸை நடத்தும் தாயான அடாப்டருக்கு 'இக்னோர் சில்ட்ரன்' (சேய்களைக் கண்டுகொள்ளாதே) என்ற கொடியைக் கெர்னலே ஏற்றிவிடுகிறது. சேய் விழித்திருக்க, தாய் தூங்குவாள். ராணிப்பேட்டை அண்ணன் உவமை அங்கே உதைக்கும்.

ஆற்காட்டிலிருந்து:
அந்தக் கொடிக்குச் 'சேய் பாராமை'! இதற்காகவே கையேட்டை அச்சடிக்கலாம். லேசானது என்றால் தூக்க மயக்கத்தைச் சொல்லும் 'அனந்தல்' இருக்கிறதே. 'ஊமையோ அன்றிச் செவிடோ அனந்தலோ', திருப்பாவை.

ராணிப்பேட்டையிலிருந்து:
மார்கழிக்கு மட்டும் டிரைவர் எழுதுவதாக இருந்தால் சரி ஐயா.

ஆற்காட்டிலிருந்து:
கிண்டல் போதும். நீங்களே சொன்ன 'கண்ணயர்தல்' இருக்கிறது. சுருக்கி 'அயர்வு' என்கலாம்.

குடியாத்தத்திலிருந்து:
அயர்வு இன்று சோர்வு. அன்று 'வெறி அயர்தல்', 'விழவு அயர்தல்' என்றால் ஆடிப்பாடி நிகழ்த்துவது. நீங்கள் கேட்பதற்கு நேர் எதிர்.

ஆம்பூரிலிருந்து:
சுருக்காமல் 'கண்ணயர்வு' என்றே விடலாமே. கண் இல்லாத சாதனம் என்று யாரும் வழக்குப் போட மாட்டார்கள். பக்கத்திலேயே ஃபங்ஷன் பெயரை ஆங்கில எழுத்தில் போட்டுவிடுங்கள். கோடில் அதைத்தான் தேடப்போகிறான்.

காட்பாடியிலிருந்து:
நன்றி. அச்சகத்தில் இருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. தாய், சேய், கண்ணயர்வு, விழிப்பு, சேய் பாராமை. தலைப்பு: இயங்குநேர மின் மேலாண்மை. துஞ்சலும் அனந்தலும் அடிக்குறிப்பில்கூட இடம் பெறவில்லை, ஆற்காட்டு ஐயா பொறுத்தருள்க.

குடியாத்தத்திலிருந்து:
மற்றவை எப்படியோ போகட்டும், 'மின் மேலாண்மை'க்கு என் எதிர்ப்பைப் பதிந்துகொள்ளுங்கள். அடுத்த அத்தியாயத்தில் வாட் கணக்கு வரும். வாட் திறனின் அலகு. அங்கே என்ன எழுதுவதாக உத்தேசம்?