படப்பிடிப்புத் தளத்து டேப்லெட் மானிட்டர்: என்ன பெயர் வைக்கலாம்?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

கேமரா பார்ப்பதைப் படப்பிடிப்புத் தளத்தில் மற்றவர்களுக்கும் காட்டும் டேப்லெட்டுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற இழை நீண்டுகொண்டே போகிறது. வந்த பரிந்துரைகளுக்கு ஒரே மடலில் என் பதில்.

> கம்பியில்லா வரைப்பட்டிகைக் காணொளிக் கண்காணிப்பி

‘வரைப்பட்டிகை’ என்றால் டேப்லெட். இலக்கணத்தில் குறையில்லை. ஆனால் தளத்தில் இதைச் சொல்லி முடிப்பதற்குள் டேக்கே முடிந்துவிடும். ‘கண்காணிப்பி’ என்றதும் சிசிடிவிதான் நினைவுக்கு வருகிறது. இங்கே யாரும் யாரையும் வேவு பார்க்கவில்லை. கேமரா பார்ப்பதைத் தள்ளி நிற்பவரும் பார்க்கிறார், அவ்வளவுதான். ‘கம்பியில்லா’ என்ற அடைமொழியும் வேண்டாம். அக்சூன் நிறுவனத்தின் சீமோ கருவி ஹெச்டிஎம்ஐ கேபிள் வழியாகவே ஐபேடை மானிட்டர் ஆக்குகிறது. ஐபேடின் இயங்குதளமான ஐபேட்ஓஎஸ் 17 வந்த பிறகு (2023) யூஎஸ்பி-சி உள்ள ஐபேட்கள் வெளி வீடியோவை நேராகவே வாங்கிக்கொள்கின்றன.

> படங்காட்டி

திசைகாட்டி, நாள்காட்டி வரிசையில் பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் ‘ரொம்பப் படம் காட்டாதே’ என்பது ஊரறிந்த வழக்கு. இதை உதவி இயக்குநர் கையில் கொடுத்தால் அன்றைக்கே அவருக்குப் பட்டப்பெயர் ஆகிவிடும்.

> டேப்லெட்டும் ஒரு மானிட்டர்தானே, எதற்குத் தனிச்சொல்?

இதற்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். மானிட்டருக்கும் டேப்லெட்டுக்கும் உள்ள வேறுபாடு அளவிலோ விலையிலோ இல்லை, தாமதத்தில் இருக்கிறது. டெராடெக் போல்ட் போன்ற அலைபரப்பிகள் தமக்கென்றே செய்த ரிசீவருக்குப் படத்தை அனுப்புகின்றன; தாமதம் ஒரு மில்லிநொடிக்கும் குறைவு. டேப்லெட்டில் அந்த ரிசீவர் கிடையாது, கம்பியில்லாமல் வாங்க வைஃபைதான் உண்டு. அதனால் படத்தைச் சுருக்கி, துண்டுதுண்டாக அனுப்பி, அந்தப் பக்கம் மறுபடி விரித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. இந்த வகையில் 2019-இல் வந்த சினிஐ என்ற அலைபரப்பி ஒரே நேரத்தில் நான்கு கருவிகளுக்குப் படம் அனுப்பும். தாமதம் 60 மில்லிநொடி என்று விளம்பரம் செய்தார்கள். அது காலி மைதானத்துக் கணக்கு. கூட்டக் காட்சியில் ஆளுக்கொரு கைப்பேசி வைத்திருக்கும்போது அலைவரிசை நெரிசலாகிறது, குறுக்கே நிற்கும் உடம்புகளும் அலையை விழுங்குகின்றன. 100 மில்லிநொடியைத் தாண்டுவது பெரிய அதிசயமில்லை.

நொடிக்கு 24 பிரேமில் ஒரு பிரேம் ஏறக்குறைய 42 மில்லிநொடி. 100 மில்லிநொடி பின்தங்கினால், நாம் பார்ப்பது இரண்டு பிரேமுக்கும் மேல் பழைய படம். மேக்கப்காரருக்கோ காஸ்ட்யூமருக்கோ கண்டினியூட்டி பார்ப்பவருக்கோ இதனால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. ஆனால் நடிகர் நகர நகர லென்ஸைத் திருப்பிப் படத்தைக் கூர்மையாக வைத்திருக்கும் ஃபோகஸ் புல்லரை நினைத்துப் பாருங்கள். சினிமா கேமராக்களில் வழக்கமான சூப்பர் 35 அளவு சென்சார், 85 மி.மீ. லென்ஸ், துளை அகலமாகத் திறந்த எஃப் 1.4. இரண்டு மீட்டர் தூரத்தில் கூர்மையாக விழும் ஆழம் சுமார் நான்கு சென்டிமீட்டர்தான். கேமராவை நோக்கிச் சாதாரண நடையில் வருகிறவர் அந்த 100 மில்லிநொடியில் 14 சென்டிமீட்டர் முன்னால் வந்துவிடுவார். டேப்லெட்டில் கண்ணிமை கூர்மையாகத் தெரிகிறதே என்று நம்பிக் கையைத் திருப்பினால், மெமரி கார்டில் பதிவாவது மங்கிய முகம்.

ஆகவே ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும். தாமதமின்றிக் காட்டுவது நேர்த்திரை. டேப்லெட், கைப்பேசி எதுவானாலும் படத்தை வாங்கிச் சற்றுப் பிந்திக் காட்டுவது கைத்திரை. வெள்ளித்திரையும் சின்னத்திரையும் ஏற்கெனவே இருக்க, இது அந்தக் குடும்பத்திலேயே பிறந்த பிள்ளை மாதிரி ஒட்டிக்கொள்ளும். தாமதத்துக்குச் ‘சுணக்கம்’ என்பதையே வைத்துக்கொள்வோம். ‘வேலை சுணங்குது’ என்று பேசுகிறவர்களிடம் ‘கைத்திரை சுணங்குது’ என்றால் விளக்கவுரை தேவைப்படாது.

> ஃபோகஸ் புல்லர் சின்ன மானிட்டரைக் கையிலேயே வைத்துக்கொள்கிறாரே, அதுவும் கைத்திரைதானே?

நல்ல மடக்கு. ஆனால் வீட்டுக் கார்ட்லெஸ் போனும் கையில்தான் இருக்கிறது, அதைக் கைப்பேசி என்று யாரும் சொல்வதில்லை. எந்தப் பொருளைச் சுட்டுவது என்பதைப் புழக்கம் முடிவு செய்துகொள்ளும். முன்பு வந்த ‘பகிர்திரை’யும் எனக்குப் பிடித்தே இருந்தது. ஆனால் இணையக் கூட்டங்களின் ‘திரைப் பகிர்வு’ அந்த இடத்தைப் பிடித்துவிட்டது.

கைத்திரைக்கான விளக்கக் குறிப்பில் நிறத்தைப் பற்றியும் ஒரு வரி சேர்க்க வேண்டும். திரையின் நிறத்தைத் தானாக மாற்றும் ட்ரூ டோன், நைட் ஷிப்ட் இரண்டையும் அணைக்காத ஐபேடைப் பார்த்து ஒளியமைப்பைப் பற்றிப் பேசக் கூடாது.

பெயர் வைக்க மீதமிருப்பது லட் (LUT), அதாவது கேமராப் படத்தின் நிறங்களை மாற்றிக் காட்டப் பயன்படும் பட்டியல். ‘நிற அட்டவணை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். உள்ளே போகும் நிற எண்ணுக்கு வெளியே வரும் எண் எது என்று சொல்வதால், ‘நிறவாய்பாடு’ என்பது என் பரிந்துரை. மறுப்புகளைத் தனி இழையில் எழுதுங்கள், இங்கே கலக்க வேண்டாம்.