ஷாஃப்ட் நடுவில் தடித்துப் போகிறது, அனுபவசாலிகள் உதவுங்கள்

வணக்கம். மன்னார்குடிப் பக்கம் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். நெல் அறுவடை மெஷினுக்கு ஈஎன்8 எஃகுக் கம்பியில் 40 மிமீ விட்டம், 900 மிமீ நீளத்தில் ஷாஃப்ட் கடைகிறேன். பேரிங் உட்காரும் இடங்கள் மூன்று, அதில் ஒன்று நட்டநடுவில். கே6 ஃபிட் (பேரிங் சரியாகப் பொருந்துவதற்கான விட்ட அளவு) வேண்டும், அதாவது 40.002 முதல் 40.018 மிமீ வரை.

இரு முனையும் சரியாக வருகிறது. நடுவில் மட்டும் 0.03 மிமீ கூடுகிறது. கம்பியின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கை டயல் கேஜ் வைத்துப் பார்த்துவிட்டேன், நேராகத்தான் இருக்கிறது. சூட்டோடு அளந்து முதலில் ஏமாந்தேன். கடைந்த சூடு 20 டிகிரி ஏறினாலே இந்த விட்டம் ஏறத்தாழ 0.009 மிமீ பெருத்துவிடும். இப்போது ஆறவிட்டுத்தான் மைக்ரோமீட்டர் வைக்கிறேன்.

டூல் அழுத்தத்தில் கம்பி வளைகிறது என்றே நினைக்கிறேன். விட்டத்தைப் போல 22 மடங்கு நீளமாயிற்றே! என் பழைய ஆறடி லேத்துக்கு ஃபாலோயர் ஸ்டெடி (டூலோடு கூடவே நகர்ந்து, கம்பி வளையாமல் தாடைகளால் தாங்கும் துணைக்கருவி) இல்லை. தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சிப் பக்கம் யாரிடமாவது பழையது கிடைக்குமா? நாமே செய்வதானால் தாடைக்குப் பித்தளையா, வெண்கலமா? கடைசி வெட்டுக்கு எவ்வளவு விடுவீர்கள்? குறுவை அறுப்புக்குள் கொடுப்பதாக ஒரு விவசாயிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதனால்தான் அவசரம்.