புதுப்பிப்பு: குடல்வால் துளை அறுவைக்குப் பிறகு தோள்வலியும் குலை வெட்டும் வேலையும்
மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டத் தொழிலாளர்களுக்காக, குடல்வால் (அப்பெண்டிக்ஸ்) அழற்சிக்கு வயிற்றில் சிறு துளைகள் போட்டு, கேமரா விட்டுச் செய்யும் துளை அறுவை பற்றி முன்பு எழுதியதன் தொடர்ச்சி இது. பலரும் கேட்டது: வயிற்றில் அறுத்தால் தோள் ஏன் வலிக்கிறது? கேமராவுக்கு இடம் கிடைக்க வயிற்றுக்குள் கரியமில வாயுவை நிரப்புவார்கள், அழுத்தம் சுமார் 12 மில்லிமீட்டர் பாதரசம். மிஞ்சிய வாயு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்தும். அதன் நரம்பு கழுத்திலிருந்து வருவதால் வலி தோளில் தெரியும். எழுந்து நடங்கள், பெரும்பாலும் ஓரிரு நாளில் தணியும்.

செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை 20 கிலோவைத் தாண்டலாம். தொப்புள் துளைதான் பெரியது, பெரும்பாலும் 10 மில்லிமீட்டர். தையல் ஆறுமுன் பாரம் தூக்கினால் அங்கே குடலிறக்கம் (ஹெர்னியா) வரலாம். எம்சி (மருத்துவ விடுப்பு) முடிவதற்குள் இலகு வேலைக்கு மருத்துவரிடம் கடிதம் கேட்டு வாங்குங்கள், தயவுசெய்து.

குடல்வால் வெடித்திருந்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்துக் காய்ச்சலும் அடிவயிற்று வலியும் திரும்பினால், உள்ளே சீழ் கட்டியிருக்கலாம். பனடோல் (பாராசிட்டமால்) போட்டுக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.