ஏசி கம்ப்ரசர் ‘ம்ம்ம்’ என்று முனகி நின்றுவிடுகிறது, மாத்தித்தான் ஆகணுமா?

காசிமேட்டுக்காரன்:
காசிமேட்டில் இரண்டாவது மாடி, வாடகை வீடு. 1.5 டன் ஸ்ப்ளிட் ஏசி, இன்வெர்ட்டர் இல்லை, வாங்கி ஏழு வருஷம். ரிமோட்டை அழுத்தினால் உள்ளே ஃபேன் ஓடுகிறது, மூணு நிமிஷம் கழித்து மொட்டை மாடியில் இருக்கிற அவுட்டோரில் ஒரு ‘டக்’, அந்த ஃபேனும் சுற்றுகிறது, ஆனால் கம்ப்ரசர் மட்டும் ம்ம்ம் என்று அஞ்சாறு செகண்ட் முனகிவிட்டு அடங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் வீட்டு டியூப்லைட் மங்கிப்போகிறது. விடிகாலையில் போட்டால் சில நாள் ஓடிவிடும், ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஓடவே ஓடாது. வந்த மெக்கானிக் அவுட்டோரில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, “கம்ப்ரசர் ஜாம், 12,000 ஆகும், கேஸ் தனி” என்றார். பையிலிருந்து மீட்டரை எடுக்கவே இல்லை. நம்பலாமா?

தேரடி பையன்:
கேஸ் கம்மியா இருக்கும் பாஸ், ஃபில் பண்ணுங்க, சரியாயிடும்.

டூல்பாக்ஸ்:
எதுக்கெடுத்தாலும் கேஸா? கேஸ் குறைந்தால் கம்ப்ரசர் ஓடும், கூலிங்தான் வராது, பைப்பில் ஐஸ் கட்டும். இது ஸ்டார்ட்டே ஆகவில்லை என்கிறாரே.

முதலில் கெபாசிட்டரைப் பாருங்கள். சிங்கிள் ஃபேஸில் கம்ப்ரசர் சுற்ற ஆரம்பிக்கவே அது வேண்டும், அது பலவீனமானால் இப்படித்தான் முனகும், அப்புறம் சூடேறி, கம்ப்ரசரைக் காப்பாற்றும் ஓவர்லோடு சுவிட்ச் கட் செய்துவிடும். மேலே 50 மைக்ரோஃபாரட் என்று போட்டிருந்தால் அளக்கும்போது 47க்குக் கீழே வரக்கூடாது. ஃபேன் கெபாசிட்டர் வேறு, சின்னது, அதனால்தான் உங்கள் ஃபேன் ஜாலியாகச் சுற்றுகிறது. ஆனால் நீங்களே கை வைக்காதீர்கள், எம்சிபியை (ஏசிக்கான பிரேக்கர் சுவிட்சை) இறக்கின பிறகும் அதில் சார்ஜ் நிற்கும், தூக்கி அடிக்கும். மீட்டர் வைத்திருக்கிற வேறு ஆளைக் கூப்பிடுங்கள்.

காசிமேட்டுக்காரன்:
வேறு ஒருத்தர் வந்து அளந்தார், 38 காட்டியது. டெர்மினல் வேறு உப்புக்காற்றில் பச்சை பூத்துக் கிடந்தது. புதுசு போட்டாச்சு. இப்போது காலையில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகிறது, ராத்திரியில் மட்டும் பழைய கதை.

தேரடி பையன்:
அப்போ லோ வோல்டேஜ்தான். ஸ்டெபிலைசர் பெரிசா ஒண்ணு வாங்கிடுங்க.

டூல்பாக்ஸ்:
தம்பி, கொஞ்சம் பொறு. ஸ்டெபிலைசர் வோல்டேஜை ஏற்றித் தரும்தான், ஆனால் அதற்காக லைனில் இருந்து இன்னும் அதிகமாக கரண்ட் இழுக்கும். லைன் பலவீனமென்றால் இன்னும் மோசமாகும்.

காசிமேட்டார், இன்று ராத்திரி ஒரு வேலை செய்யுங்கள். எலக்ட்ரீஷியனை வைத்துக்கொண்டு, ஏசி ஸ்டார்ட் ஆகிற அந்த அஞ்சு செகண்டில் ஒரு முறை கீழே மீட்டர் பெட்டியிலும் இன்னொரு முறை ஏசி சாக்கெட்டிலும் வோல்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள். சும்மா இருக்கும்போது அளந்து பிரயோஜனமில்லை, அப்போது எல்லாமே 220 காட்டும்.

காசிமேட்டுக்காரன்:
அண்ணே, மீட்டர் பெட்டியில் 218. சாக்கெட்டில் 168! பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தால் ஒரு பின் கருகி, சாக்கெட் அந்தப் பக்கம் உருகியிருக்கிறது. கட்டில் தலைமாட்டுக்குப் பின்னால் இருப்பதால் இத்தனை நாள் கண்ணில் படவில்லை. கீழிருந்து வருகிற வயர் வெறும் 1.5 ஸ்கொயராம் (கம்பியின் குறுக்குப் பரப்பு, சதுர மில்லிமீட்டரில்), சுமார் 25 மீட்டர்.

டூல்பாக்ஸ்:
அதான் விஷயம். இந்த மாதிரி கம்ப்ரசர் ஓடும்போது ஏழெட்டு ஆம்பியர்தான், ஸ்டார்ட் ஆகும்போது 35 பக்கம் இழுக்கும். 1.5 ஸ்கொயர் வயரில், போக வர 50 மீட்டருக்கு, சுமார் 20 வோல்ட் அங்கேயே காலி. மீதி 30 வோல்ட் அந்தக் கருகின பின்னில் போகிறது, கணக்குப் போட்டால் அந்த ஒரு இடத்தில் ஆயிரம் வாட் சூடு, அயர்ன் பாக்ஸ் மாதிரி, அதுவும் உங்கள் தலைமாட்டில். வோல்டேஜ் முக்கால்வாசி வந்தால் கம்ப்ரசரின் ஸ்டார்ட்டிங் பலம் கிட்டத்தட்ட பாதிதான். காலையில் தெருவில் லோடு குறைவு, வோல்டேஜ் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், அதனால் தப்பித்தது. 4 ஸ்கொயர் காப்பர் வயர் தனியாக இழுத்து, புது சாக்கெட், புது பிளக் டாப் போடுங்கள். வேலை முடிகிற வரை தயவுசெய்து அந்த ஏசியைப் போடாதீர்கள்.

கல்மண்டபம்:
எங்கள் வீட்டிலும் போன கோடையில் இதே பிளக் கதைதான். மாற்றும்போது அவுட்டோர் பக்கத்து டெர்மினலையும் சுரண்டி, வயர் நுனியில் மாட்டுகிற லக்கையும் புதுசாகப் போடச் சொல்லுங்கள், நம்ம கடலோரத்தில் அது சீக்கிரம் போய்விடும். ஏசி நிறுத்தியிருக்கும்போது அவுட்டோர் காயிலை மாசம் ஒரு தரம் மெட்ரோ வாட்டரில் கழுவி விடுங்கள், போர் தண்ணி வேண்டாம், அதுவே உப்பு.

காசிமேட்டுக்காரன்:
வயர் மாற்றியாச்சு. நேற்று ராத்திரி ஒன்பதரைக்குப் போட்டேன், ஒரே ‘டக்’, ஓடிவிட்டது, டியூப்லைட் லேசாகக்கூட மங்கவில்லை. ஹவுஸ் ஓனர் அக்காவிடம் உருகின சாக்கெட்டைக் காட்டினேன், பாதிக் காசை வாடகையில் கழித்துக்கொள்ளச் சொன்னார்கள், கையோடு அவர்கள் வீட்டு ஏசி பிளக்கையும் பிடுங்கிப் பார்க்க உள்ளே போனார்கள்.