பழைய பிரெஞ்சு பைப் ஆர்கனை சாம்பிள் எடுத்தவர்கள் (சுரம் சுரமாகப் பதிவு செய்தவர்கள்) பட்டதைச் சொல்லுங்கள்

பிரான்சின் கான் (Caen) நகரத்து சேன்ட் எத்தியென் தேவாலயத்தில் ஆர்கன் கட்டுநர் காவாயே-கோல் 1885இல் கட்டிய ஆர்கனையே எடுத்துக்கொள்வோம். மூன்று கீபோர்டு, காலால் வாசிக்க ஒரு பெடல், 50 ஸ்டாப் (ஒரே ஒலித்தன்மை கொண்ட பைப் வரிசையைத் திறக்கும் குமிழ்). கணினியில் ஆர்கன் வாசிக்க உதவும் ஹாப்ட்வெர்க் மென்பொருளுக்கு இதன் சாம்பிள் செட், அதாவது பதிவுத் தொகுப்பு, உண்டு. இந்த அளவு கருவிக்கு எத்தனை ராத்திரி ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு. கீபோர்டில் 56 கட்டை. ஒவ்வொன்றையும் மூன்று விதமாகப் பிடிக்கணும்: எட்டு விநாடி அழுத்தி விடுவது, அரை விநாடி, சும்மா ஒரு தட்டு. விட்டபிறகு கல் கட்டடத்தில் ஒலி அடங்க எட்டு விநாடியாவது விடணும். ஆக, ஒரு ஸ்டாப்புக்கு அரை மணி நேரம். 50 ஸ்டாப் என்றால் பல ராத்திரி. வெளியே ஒரு லாரி போனால் அந்தக் கட்டை மறுபடியும் முதலிலிருந்து.

எதற்கு மூன்று? தட்டி எடுத்த சுரத்துக்குக் கட்டடம் இன்னும் நிரம்பியிருக்காது, அதனால் அதன் எதிரொலி சின்னது. நீள சுரத்தின் வாலை (கட்டையை விட்டபின் ஒலி அடங்கும் பகுதியை) அதில் ஒட்டினால், வேகமான பாட்டில் ஒவ்வொரு சுரத்துக்குப் பின்னாலும் பெரிய முழக்கம் வந்து எல்லாம் குழம்பிவிடும். செலவைக் குறைக்க முதலில் வெட்டுவது இதைத்தான். தப்பு.

---

சார், கட்டைச் சத்தத்தை விட்டுவிட்டீர்கள். பைப் ரெக்கார்டிங்கில் கட்டையின் 'டக்' கலந்திருந்தால், பத்து ஸ்டாப் திறந்து வாசிக்கும்போது அது பத்து மடங்காக விழும். எல்லா ஸ்டாப்பையும் மூடி, கட்டைச் சத்தத்தைத் தனியாக எடுத்து ஒரே ஒருமுறை சேர்க்கணும்.

ப்ளோயர் (பைப்புகளுக்குக் காற்றடிக்கும் விசிறி) இரைச்சலும் அப்படித்தான். நாலு சுரம், பத்து ஸ்டாப் என்றால் 40 சாம்பிள். இரைச்சல் 16 டெசிபல் ஏறும். அதனால் இரைச்சலை நீக்கியே ஆகணும். ஆனால் அளவு மீறினால் வால் பகுதி தண்ணீருக்குள் கேட்பதுபோல் ஆகிவிடும். மெல்லிய புல்லாங்குழல் ஸ்டாப்பில் முதலில் தெரியும். அதில் சோதித்துவிட்டு மற்றதைத் தொடுங்கள்.

---

வெப்பநிலையை எழுதி வைக்காதவர்கள் பின்னால் அழுவார்கள். காற்று ஒரு டிகிரி சூடானால் புல்லாங்குழல் வகைப் பைப்புகளில் சுருதி சுமார் 3 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) ஏறும். பித்தளை நாக்கு அதிரும் ரீட் பைப்புகள் கிட்டத்தட்ட அசையாது. முதல் ராத்திரி 14 டிகிரியில் ஒரு வகை, மூன்றாம் ராத்திரி 17இல் இன்னொரு வகை என்று எடுத்தால், ட்ராம்பெட் என்ற ரீட் ஸ்டாப்பும் புல்லாங்குழல் வகையும் 9 சென்ட் விலகி நிற்கும். பிரெஞ்சு ரீட் ஸ்டாப்புகளின் கம்பீரமே போய்விடும். மொத்த செட்டையும் ஒரே அளவு இழுத்துச் சரிசெய்ய முடியாது, ஸ்டாப் வாரியாகத்தான் திருத்தணும்.

லூப்பில் (கட்டையை அழுத்தியிருக்கும்வரை பதிவின் ஒரு துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டுவதில்) வ்வா செலெஸ்ட் என்ற ஸ்டாப் படுத்தும். இது பக்கத்து ஸ்டாப்போடு வேண்டுமென்றே சுருதி விலக்கி வைத்தது. அந்த அலைவு இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் வரும். அதனால் தனித்தனியாக எடுங்கள். சேர்த்து எடுத்தால் லூப் முழு அலைவில் முடியாமல் நடுவில் வெட்டும், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு விக்கல் கேட்கும்.

கடைசியாக மெமரி. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ என்றால் விநாடிக்கு 288 கிலோபைட். மேலே சொன்ன அரை மணி நேரத்துக்கு சுமார் 520 மெகாபைட், அதுவும் ஒரே ஒரு ஸ்டாப்புக்கு, ஒரு ஜோடி மைக்கில். பின்வரிசையிலும் மைக் வைத்தால் அப்படியே இரட்டிப்பு. ராம் குறைவாக உள்ளவர்கள் பின் மைக்கை விடலாம். மூன்று வால்களையும் விடாதீர்கள்.